அருவிக்கு வராத கோமதி

இந்த ஆனிச் சாரலில் நான் குற்றாலம் போனது குளிப்பதற்காக இல்லை. பக்கத்து ஊரான இலஞ்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் சண்முகத்தின் மூன்றரை வயது மகள் கோமதியைப் பார்க்கப் போனேன். மாடு விரட்டிப் பயந்ததில் பேச்சுக் குறைந்திருந்தவள், இப்போது அறவே பேசுவதில்லையாம். மதுரையில் ஆசிரியப் பயிற்சி மாணவிகளுக்குக் குழந்தை உளவியல் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் என்னை அழைத்தார்கள்.

தென்காசி நிலையத்திலிருந்து இலஞ்சி இரண்டு மைல். குதிரை வண்டிக்கு ஒரு ரூபாய். வண்டிக்காரர் என் பையை எட்டிப் பார்த்தார்.

"சீசனுக்கு வாரவுக எண்ணெய்ப் புட்டியோட வருவாக. நீங்க என்னம்மா பொம்மையோட வாரீய?"

முதல் நாள் பொம்மை வீட்டைப் பரப்பி, "இது யாரு? ஏன் அழறா?" என்று கேட்டேன். ஏழு வயதுப் பிள்ளைகளிடம் பலித்த முறை. கோமதி கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். இந்த வயதுக்குக் கேள்வியே பாரம்.

மறுநாள் முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீர், இரண்டு தம்ளர், ஒரு மரப்பாச்சி. வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து வந்தாள். மரப்பாச்சியின் தலையில் எண்ணெய் தேய்ப்பதுபோல் தேய்த்தாள். குற்றாலத்துப் பிள்ளைதானே என்று சிரித்துக்கொண்டேன். பிறகு அதன் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தி, தலையில் தண்ணீரை ஊற்றினாள். நிறுத்தாமல் ஊற்றினாள்.

சண்முகத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அருவித் தண்ணி தலையில விழுந்தா பயம் தெளிஞ்சிரும்லாக்கா. தெனமும் தூக்கிட்டுப் போயி நிறுத்துதேன். கத்துவா. தண்ணி உள்ள போயிரப்பிடாதுன்னு வாயப் பொத்திக்கிடுவேன்."

"இனிமே போகாதே."

"பாதியில விட்டா எப்படிக்கா? நாளைக்கும் போணும்."

அவன் குரலில் அக்கறையைத் தவிர வேறெதுவும் இல்லை. அதுதான் என்னை அதிர வைத்தது.

"கொஞ்சம் உட்கார். ஒன்றும் கேட்காதே" என்றேன்.

கோமதி அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்து மரப்பாச்சியின் வாய்மேல் வைத்தாள். தம்ளரைத் தூக்கினாள். சண்முகம் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். அவள் ஊற்றவில்லை. குனிந்து பொம்மையின் முகத்தைப் பார்த்தாள்.

"பாப்பா அழுவுது" என்றாள்.

"அழட்டும்ட்டி" என்றான் சண்முகம். அவள் கையிலிருந்து தம்ளரை வாங்கிக் கீழே வைத்தான்.

இலஞ்சியிலிருந்து அருவிக்கு அடிக்கடி பஸ் உண்டு, பத்து நயா பைசா. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் தண்ணீர் கணுக்காலளவு ஓடும் ஓரமாக நில்லுங்கள். பிள்ளை தானே கையை நீட்டட்டும். ஆவணிவரை தண்ணீர் விழும். அவசரம் ஒன்றும் இல்லை.