ரேம் பட்டைக்கு வைத்த சந்தனப் பொட்டு

என்னை ஏமாற்ற இந்தப் பினாங்கில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டத்தோ கிராமாட்டில் ஒரே ஒரு மிளகாய் அரைக்கும் மெஷினோடு தொடங்கினேன். இன்று என் மசாலாத் தூள் கடல் தாண்டி அக்கரையில் செபராங் ஜெயா வரை போகிறது. படித்தவர்கள் நான்கு பேர் என் மில்லில் சம்பளம் வாங்குகிறார்கள். அடையாளம் வைக்காமல் எந்தப் பொருளையும் கை மாற விடமாட்டேன், அதுதான் காரணம். அரைக்க வரும் டின்னுக்கு நம்பர், மூட்டைக்குச் சாயப் பொட்டு.

பாக்கெட்டுக்கு லேபிள் அடிக்க ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அது மக்கர் செய்தபோது சுங்கை பினாங்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். சிப் தொழிற்சாலையில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக ரிப்பேர் பார்க்கிறவள். பெட்டியைத் திறந்து, சீப்பு அளவில் இரண்டு பச்சைப் பட்டைகளை உருவினாள். ரேம் என்றாள், கம்ப்யூட்டரின் ஞாபகமாம். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் எதையோ தேய்த்தாள். திரும்பவும் சொருகினாள். கம்ப்யூட்டர் ஓடியது.

ஓடியது சரி, முதுகை ஏன் காட்ட வேண்டும்? அன்றிலிருந்து அது மெதுவாக ஓடுவதாகவே எனக்குப் பட்டது. நல்ல பட்டையை எடுத்துக்கொண்டு பழசை வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கோயில் அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளுக்குக் கொடுக்கப் பேச்சு நடந்தது. தனி ஆளாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவளுக்கு அது பெரிய பிடிமானம். கமிட்டியில் நான் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். கை சுத்தமில்லாத ஆள், பொறுங்கள் என்றேன். பேச்சு அதோடு நின்றது.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபின், கம்ப்யூட்டரை நானே திறந்தேன். அவள் செய்ததைப் பார்த்தவன்தானே, பட்டைகளை உருவி ஆளுக்கொரு சந்தனப் பொட்டு வைத்தேன். பூஜைக்குப் பூஜை, அடையாளத்துக்கு அடையாளம். மேலே வைத்தால் துடைத்துவிடுவாள் என்று, தங்க நிறப் பற்கள் இருக்கும் அடிப்பக்கமாகப் பார்த்து வைத்தேன்.

மறுநாள் திரை கறுப்பு. பெட்டி மூன்று தடவை கூவிவிட்டு நின்றது. அவள் வைத்த பழசு செத்துவிட்டது, இனி கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று அவளைக் கூப்பிட்டேன். சாட்சிக்குக் கோயில் பொருளாளரையும் வரவழைத்தேன்.

அவள் பட்டையை உருவிப் பார்த்தாள்.

"அண்ணே, இது என்ன?"

"பொட்டு."

பொருளாளர் இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை.

"ப்ரோசஸர் வேலைதான் செய்யும் அண்ணே, எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்காது. இந்த நம்பர்ல என்ன இருக்குன்னு ரேமைக் கேக்கும், ரேம் எடுத்துக் குடுக்கும். போற வழி, வர்ற வழி எல்லாமே இந்தப் பல்லுதான். நீங்க அதை அடைச்சிட்டீங்க லா."

எனக்கு விளங்கிவிட்டது. டின்னுக்கு நம்பர் போடுகிறவனுக்கா விளங்காது? அரவைக் கல் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், மேலே புனல் அடைத்திருந்தால் மாவு வராது.

ஆனாலும் விடவில்லை. கம்ப்யூட்டர் வாங்கியபோது கூட வந்த தாளை எடுத்து வந்து, பட்டையில் ஒட்டியிருந்த நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். இரண்டும் என்னுடையவை.

"அப்புறம் அன்னிக்கு ஏம்மா முதுகக் காட்டுன?"

"நீங்கதான் வாசல்ல நின்னு வெளிச்சத்த மறைச்சீங்க. ஜன்னல் பக்கம் திரும்பாம பல்லு எப்படித் தெரியும்?" ரப்பரை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். "என்னைப் பத்திக் கோயில்ல சொன்னத, அங்கயே மாத்திச் சொல்லுங்க அண்ணே. எங்கிட்டத் தனியா ஒண்ணும் சொல்ல வேணாம்."

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். நான் தப்பு என்று ஒத்துக்கொண்டதை அந்தக் கமிட்டி அதற்குமுன் பார்த்ததில்லை. வேலை அவளுக்கே போனது.

அவள் கோயில் அலுவலகத்துக்கு வந்த முதல் நாள் நானும் போனேன். பெட்டியைத் திறந்தவள் என்னைப் பார்த்து, ஜன்னல் பக்கமாக ஒரு நாற்காலியைத் தள்ளிப் போட்டாள்.

"இங்க உக்காருங்க அண்ணே. உங்களுக்கும் தெரியும், எனக்கும் வெளிச்சம் வரும்."

உட்கார்ந்தேன். அவள் உருவிய இரண்டு பட்டைகளும் திரும்ப உள்ளே போகும்வரை கண்ணை எடுக்கவில்லை.