பத்தியத்துப் பிராந்தி

என் இரண்டாவது பிள்ளை நான்கு நாள்தான் உயிரோடு இருந்தான். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் எழுந்து போகும் நிலையில் இல்லை. என் கணவர்தான் அவனை வெள்ளைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள், எனக்கு இன்னும் சின்ன வயதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிள்ளை இல்லாவிட்டாலும் பெற்ற உடம்புதானே என்று மாமியார் பத்தியத்தை நிறுத்தவில்லை. பூண்டுக் குழம்பு, மஞ்சள், நல்லெண்ணெய், சாப்பாட்டுக்கு முன் ஒரு மூடி பிராந்தி. இந்த மலைக் குளிருக்கு அது வேண்டும் என்பது எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். குடிக்க ஆளில்லாமல் பால் கட்டி மார்பு கல்லாகக் கிடந்தது. அந்த ஒரு மூடி உள்ளே இறங்கியதும் எங்கோ ஒரு கயிறு தளர்ந்தது போல இருக்கும். நாற்பது நாள் முடிந்தது. பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது.

நான் எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலை பேக் பண்ணும் பகுதியில் வேலை செய்தேன். முதலில் தூக்கத்துக்காக மட்டும் குடித்தேன். ஒரு வருடத்துக்குள், கை நடுங்காமல் பெட்டியை ஒட்டவே காலையில் இரண்டு மிடறு தேவைப்பட்டது. பிராந்தி போய் அதைவிட மலிவான சம்சு சாராயம் வந்தது. என்னைத் தெரியாத ஒரு கடையில் வாங்கி, காய்கறிக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவேன். வினிகர் பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றி, சமையலறை அலமாரியில் சோயா சாஸுக்குப் பின்னால் வைத்திருப்பேன்.

குடித்தால் துக்கம் குறையும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் காலையில் கண் விழித்தால் துக்கம் அப்படியே இருக்கும். கூடவே காரணமில்லாத ஒரு பயமும் வந்து நெஞ்சில் உட்கார்ந்திருக்கும். லாரி சத்தம் கேட்டால் உடம்பு வேர்க்கும். யாராவது இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். அந்தப் பயத்தை அடக்க மறுபடியும் குடிப்பேன்.

என் கணவர் எஸ்டேட் டிராக்டர் ஓட்டுபவர். சனிக்கிழமை வாசலில் நாற்காலி போட்டுக் கூட்டாளிகளோடு பீர் குடிப்பார். அதை யாரும் ஒரு பேச்சாகப் பேசியதில்லை. கீழ் லயத்தில் ஒரு பெண் குடித்தாள். அவளைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். நானும் பேசியிருக்கிறேன். அதனாலேயே என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தேன். என் மகள், அப்போது ஒன்பது வயது, அடுப்பங்கரையில் இருந்தாள். எனக்கு ஆச்சாரு ஊறுகாய் பிடிக்கும் என்று வெள்ளரிக்காயையும் கேரட்டையும் அவளாகவே நறுக்கி, வினிகர் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். நான் பாய்ந்து பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் கன்னத்தில் ஓர் அறை.

"வினிகர்தானம்மா?" என்றாள். அழவில்லை. பாத்திரத்தை முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காய்களைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுனைத் தைத்து வாங்கிக் கதவில் மாட்டியிருந்தோம். அந்த வெள்ளிக்கிழமை இரவே பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். இனி ஒரு சொட்டும் இல்லை என்று மாதாவிடம் சொன்னேன். மனிதர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை முழுக்கக் கை நடுங்கியது. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். மாமியார் கஷாயம் வைத்துக் கொடுத்தார். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. கண் ஒரு நிமிஷமும் மூடவில்லை.

ஞாயிறு காலை எப்படியோ சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பிள்ளைகள் மெழுகுவர்த்தி பிடித்து வரிசையாக வந்தார்கள். என் மகள் பக்கத்தில் வரும்போது பார்த்தேன், அவள் கவுன் முழுக்க எறும்பு. கறுப்புக் கறுப்பாக, கழுத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் எழுந்து ஓடி, இரண்டு கையாலும் தட்டிவிட ஆரம்பித்தேன். தோளில், முதுகில், நெஞ்சில். அங்கே எறும்பே இல்லை. அது எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா மறுபடியும் அடிக்கிறாள் என்பதுதான்.

"அடிக்காதம்மா, நான் யாருகிட்டயும் சொல்லல," என்றாள்.

அதுதான் கடைசியாகக் கேட்டது. வலிப்பு வந்து விழுந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். மலாய்க்கார டாக்டரம்மா ஏதோ கேட்க, நர்ஸாக இருந்த தமிழ் மிஸ்ஸி அதை என் கணவரிடம் கேட்டாள்.

"அண்ணே, இவங்க தெனமும் குடிப்பாங்களா?"

"என்ன மிஸ்ஸி பேசுறீங்க? எங்க வீட்டுப் பொம்பளைங்க அதெல்லாம் தொட மாட்டாங்க லா."

"குடிப்பேன்," என்றேன். "மூணு வருஷமா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே போய்விட்டார்.

தினமும் குடிக்கும் உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், உயிரே போயிருக்கலாம், டாக்டரிடம் வந்துதான் நிறுத்த வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம். எப்போதிலிருந்து என்று மிஸ்ஸி கேட்டாள். பிள்ளை போனதிலிருந்து என்றேன். அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள்.

"அதப் பத்தி யாருகிட்டயாச்சும் பேசினீங்களாக்கா?"

யோசித்தேன். ஒருவரிடமும் பேசியதில்லை. வீட்டில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"துக்கத்துக்குக் குடிச்சீங்க. இப்ப குடியே துக்கத்த வளக்குது. ஒண்ண மட்டும் பாத்தா போதாது, ரெண்டையும் பாக்கணும்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார், "நாந்தானே ஊத்திக் குடுத்தேன்," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நாற்பது நாளுக்கு அப்புறம் ஊற்றியது என் கை. அவரிடம் அதைச் சொன்னேன். அவர் காதில் ஏறியதா என்று தெரியாது.

தடைபட்ட புதுநன்மையை ஃபாதர் அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு முந்தின நாள் மகள் என்னிடம் வந்து, "நீ வர வேணாம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் போகவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். முதல் சில மாதங்கள்தான் இருந்ததிலேயே மோசம். மூன்று வருடமாகத் தள்ளிவைத்த சாவு நேற்று நடந்தது போல வந்து நின்றது. ஆஸ்பத்திரி கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள், அதே மிஸ்ஸி உட்காரவைத்துப் பேசினாள். ஒரு முறை மறுபடியும் குடித்தேன், பதினோரு நாள். பிறகு நானே கிளினிக்குக்குப் போய்ச் சொன்னேன். என் கணவர் இப்போது சனிக்கிழமைகளில் வேறு லயத்துக்குப் போய்க் குடிக்கிறார். அவரும் அந்தப் பிள்ளையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன மாதம் பள்ளி விடுமுறை. நான் கேட்காமலேயே மகள் தானா ராத்தா டவுனில் இருக்கும் அந்தக் கிளினிக்குக்கு என்னோடு வந்தாள். மிஸ்ஸி உள்ளே வரச் சொன்னதற்கு, "நான் இங்கேயே இருக்கேன்," என்றாள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, எனக்கு நாலடி முன்னால் பஸ் ஸ்டேஷனை நோக்கி நடந்தாள்.