கப்பல் கிளம்பியதா என்று கேப்டன் கேட்டார்

1983 ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை. உத்திரமேரூர். காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் அன்று யூரியா மூட்டைகள் வந்து இறங்கியதால் மதியம் வரை உட்கார நேரமில்லை. தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். மாலை ஐந்து மணிக்குக் கை கால் கழுவிக்கொண்டு பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடைக்குப் போனேன். வியாழக்கிழமை என்றால் அங்கேதான் இருப்பேன்.

காரணம் ஒரு தொடர்கதை. ஒரு வாரப் பத்திரிகையில் இரண்டு பாகமாக, இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிய விண்வெளிக் கதை. ஆறு பேர் ஒரு கப்பலில் ஏறி வேறு ஒரு கிரகத்துக்குப் போகிறார்கள், போகிறார்கள், போய்க்கொண்டே இருக்கிறார்கள். இதற்கு எங்கள் ஊரில் நான்கு பேர் அடிமை. பஸ் கண்டக்டர் ஒருவர், டீக்கடைக்காரர், உயர்நிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர், சங்கத்து எழுத்தரான நான். கதையில் வரும் பதவிகளையே ஒருவருக்கொருவர் சூட்டிக்கொண்டோம். கண்டக்டர் கேப்டன். டீக்கடைக்காரர் சமையல்காரர். ஆசிரியர் விஞ்ஞானி. எதையும் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன் என்பதால் நான் பதிவாளர்.

பத்திரிகை எங்கள் ஊர்க் கடைக்குச் சனிக்கிழமைதான் வரும். கேப்டன் காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் வியாழனன்றே வாங்கி வந்துவிடுவார். பிரதி ஒன்றுதான். யார் முதலில் படிப்பது என்று முதல் மாதத்திலேயே சண்டை வந்தது. கேப்டன்தான் வழி சொன்னார். "நம்ம ஊர்ல ஆயிரம் வருசம் முன்னாடியே பானையில ஓலை போட்டு ஆளை எடுத்தாங்க. கோயில் செவுத்துல எழுதிக் கீது. நமக்கு இன்னா கேடு?" அன்றிலிருந்து சர்க்கரை டின்னில் நான்கு சீட்டு. போன வாரப் பிரதியைத் திருப்பித் தராதவனுக்குச் சீட்டு கிடையாது. கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை என்று கல்வெட்டிலேயே இருக்கிறது என்பார்.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டாம் பாகத்தில், கப்பலுக்குப் புதுத் தலைவரை ஒரு குடுவையில் சீட்டுப் போட்டு எடுப்பதாக ஓர் அத்தியாயம் வந்தது. அவ்வளவுதான். கதை எழுதியவர் உத்திரமேரூர்க்காரர்தான் என்று சமையல்காரர் சத்தியம் பண்ணினார். ஒரு நாள் நம் கடையில் வடை தின்றுகொண்டே சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் அவர்தான் என்று அடையாளமும் சொன்னார். கப்பலின் சமையல்காரன் ஓர் அத்தியாயத்திலும் சாப்பிடவில்லை, ஆகவே அவன் இயந்திரம் என்பது விஞ்ஞானியின் முடிவு. எங்கள் சமையல்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான்கூடத்தான் கடையில துன்றதில்ல. நான் மெஷினா சார்?"

எல்லாவற்றையும்விட அதிகம் சிரிப்பு வாங்கியது கேப்டனின் கட்சி. கப்பல் கிளம்பவே இல்லை என்பார்.

"ஒரு தபாவாவது யாராவது ரைட்டு குட்த்தாங்களா? விசில் ஊதுனாங்களா? அப்பறம் எப்டி வண்டி நவுரும்? நின்ன எடத்துலயே கீது சார்."

"தரையிலேயே நிக்கிற கப்பலுக்கு எதுக்கய்யா ரெண்டு பாகம்?" என்பார் விஞ்ஞானி.

"டிப்போவுல ஒரு வண்டி ஒரு மாசமா நின்னுகினு கீது. மெட்ராஸ்னு போர்டு மாட்டிக் கீது. போர்டைப் பாத்து ஏறிக் குந்துனா மெட்ராஸ் வந்துருமா?"

நாங்கள் சிரிப்போம். கடையில் டீ குடிக்க வந்தவர்களும் சிரிப்பார்கள். பிறகு கேப்டனின் பஸ் வந்தாலே பையன்கள், "இன்னாண்ணே, இந்த வண்டியாவது கெளம்புமா?" என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. அவரும் சிரிப்பார். ஆனால் கட்சியை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

எங்களுக்குள் இன்னொரு விதியும் உண்டு. முன்னால் படித்தவர், படிக்காதவரிடம் கதையைச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் கடையில் இருக்கிற எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். விஞ்ஞானி ஒரு முறை வாய் தவறி உளறிவிட்டதற்காகக் கேப்டன் போட்ட விதி இது.

அந்த ஆடி மாதம் கேப்டன் படுத்துவிட்டார். பஸ்ஸில் ஏறி இறங்கினாலே மூச்சு வாங்கியது. இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, திறந்து சரிபண்ண வேண்டும் என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். முந்தின நாள், ஆகஸ்ட் 18 வியாழன் மாலை, செங்கற்பட்டு பஸ்ஸில் கிளம்பி, அங்கிருந்து ரயில் ஏறுவதாக ஏற்பாடு. அதே வியாழன்தான் தொடர்கதையின் கடைசி அத்தியாயமும் வருகிறது.

காஞ்சிபுரம் பஸ்ஸில் வேறொரு கண்டக்டர் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். சீட்டு எனக்கு விழுந்தது. கடைக்குப் பின்னால் தண்ணீர்ப் பீப்பாய் அருகே நின்று படித்தேன்.

கப்பல் கிளம்பவே இல்லை.

ஆறு பேரை ஒரு கூடத்தில் அடைத்து, ஜன்னலில் நட்சத்திரங்களைக் காட்டி, வருஷக்கணக்கில் மனிதர்கள் ஒன்றாக இருக்க முடிகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். கடைசியில் தலைவன் கதவை உடைத்துத் திறக்கிறான். வெளியே வெயில். ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருக்கிறது. முற்றும்.

பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தேன். செங்கற்பட்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. கேப்டன் ஜன்னல் ஓரம். சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் துணிப்பை.

"இன்னா பதிவாளரே, மூஞ்சி ஒரு மாதிரியா கீது. படிச்சிட்டியா?"

"படிச்சாச்சு."

"சொல்லு. கெளம்புச்சா, இல்லியா?"

என் வாய் வரை வந்துவிட்டது. இன்றும் அந்த இடத்தில் நின்று பார்க்கிறேன். 'நீங்கள் சொன்னதுதான்' என்று இரண்டே வார்த்தை. ஆனால் நான் சொன்னது, "ரூல் ரூல்தான் கேப்டன். வந்து படிச்சுக்கோங்க."

"டீ காசு நான் குடுக்கறன்யா. சொல்லு."

"அதெல்லாம் சொல்லாதீங்க சார்," என்று பின்னாலிருந்து சமையல்காரர் கத்தினார். "அப்பத்தான் சீக்கிரம் வருவாரு."

எனக்கும் அதே எண்ணம்தான். ஒரு வேலை பாக்கியிருந்தால் ஆள் திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார், சிரிப்பில் மூச்சு வாங்கியது. பத்திரிகையையே கையில் கொடுத்திருக்கலாம். அடுத்த சீட்டு விஞ்ஞானியுடையது என்பது அப்போது எனக்குப் பெரிதாகப் பட்டது.

விசில் ஊதினார்கள். "இந்த வண்டி கெளம்புதுப்பா!" என்று கேப்டன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் அவரிடமிருந்து கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் போய்விட்டார். ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கூட்டத்தில் கதையைப் பற்றி யார் பேசுவது? பிரதியை மற்ற இருவரும் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். சீட்டு டின்னைச் சமையல்காரர் எங்கே வைத்தார் என்று நானும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த அன்று மாலை, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டனின் மனைவி என்னைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கணும்ண்ணா. செங்கல்பட்டு டேசன்ல அந்தப் புக்கு தொங்கிகினு இருந்துச்சி. நான்தான் வாங்கிக்கோயேன்னேன். வேணாம், பதிவாளரு எடுத்து வச்சிருப்பாரு, வந்து படிச்சிக்கலாம்னுட்டாரு. ஆஸ்பத்திரியில நர்சம்மாகிட்டகூட கதை சொல்லிகினு இருந்தாரு. முடிவு தெரியாதும்மா, ஊருக்குப் போனாத்தான் தெரியும்னாரு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அந்த வண்டி கெளம்புச்சாண்ணா?"

"இல்லம்மா," என்றேன். "கிளம்பவே இல்ல. அவர் சொன்னதுதான் சரி."

அவர் என்னையே பார்த்தார். "எல்லாரும் சிரிச்சீங்களே."

"சிரிச்சோம்."

பிறகு முழுவதையும் கேட்டார். கூடம், ஜன்னலில் நட்சத்திரம், கதவு, வெயில் என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஆட்டைச் சொன்னதும், "ஆடா?" என்றார்.

"ஆடுதான்."

"அவுரு இருந்திருந்தா ஆட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டிருப்பாரு" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. சொல்லாமல் வைத்தால் அவர் வந்துவிடுவார் என்ற என் கணக்கை அவர் நம்பினார். ஸ்டேஷனில் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியதைக்கூட வாங்காமல் நம்பினார். வராமல் போனது அவர் கையில் இல்லை. சொல்லியிருந்தால் உயிர் நின்றிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இரண்டு வருஷம் ஊரே பார்த்துச் சிரித்த ஒரு மனிதர், செங்கற்பட்டு போய்ச் சேரும் வரையாவது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போயிருப்பார். அதை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. இன்று ஒருவரைப் பற்றி நல்ல சேதி என் காதில் விழுந்தால், அவர் எங்கே இருந்தாலும் தேடிப் போய் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

காரியத்துக்கு மறுநாள் காலை, பல் தேய்த்தவுடன் முதல் வேலையாக டீக்கடைக்குப் போனேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் என் கணக்கில் டீ போடச் சொன்னேன்.

சமையல்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார் விசேசம்?"

"கேப்டன் வீட்டுல கதையைச் சொல்லிட்டேன்."

"நாமதான் எல்லாரும் படிச்சிட்டமே."

"கேப்டன் இன்னும் படிக்கலையே" என்றேன்.

அவர் கிளாஸ்களை வரிசையாக வைத்து டீயை ஊற்ற ஆரம்பித்தார். வெளியே காஞ்சிபுரம் முதல் பஸ்ஸுக்கு விசில் ஊதினார்கள்.