ஒட்டி ஒட்டிப் பருத்த அரசியலமைப்பு

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த சட்டத்தரணிப் பெண்மணியை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது அவருடைய அரசியலமைப்புப் புத்தகம்தான். அவருடைய நாடான கிர்கிஸ்தான் சோவியத்திலிருந்து பிரிந்தபின் எழுதியது. திருத்தம் வரும் போதெல்லாம் புதிய வாசகத்தை அச்சடித்து, வெட்டி, பழைய பந்தியின் மேல் ஒட்டுவார். மெல்லிய புத்தகம் மூட முடியாதபடி பருத்துவிட்டது. அடியில் என்ன இருந்ததென்று உரித்துப் பார்க்க எனக்குக் கை துடிக்கும். ஊரில் அதை எழுதிய குழுவில் வேலை செய்தவர். இங்கே ஒரு கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், குழந்தைகளுக்குச் சூப் ஊட்டினார்.

நாட்டின் அடிப்படைச் சட்டத்தை இத்தனை தரம் மாற்றுவார்களா என்று கேட்டேன். உங்கள் நாட்டில் எப்படி என்று திருப்பிக் கேட்டார். தமிழரான எங்களைக் கேட்காமலே எழுதினார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எந்தப் பந்தி என்று விசாரித்தார். லேசில் விடுகிற ஆள் இல்லை.

இரண்டாயிரத்து ஆறு நவம்பரில், தலைநகர் பிஷ்கெக்கில் சனம் சதுக்கத்தில் நின்று போராடியதில், ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைக்கும் புதிய அரசியலமைப்பு வந்தது. பழைய நண்பர்கள் அவரை உதவிக்கு அழைத்தார்கள். வேலையை விட்டார், கட்டிலை விற்றார், இனி மொன்றியல் பக்கமே வரமாட்டேன் என்றார். பயணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, குறைத்த அதிகாரத்தில் பெரும்பகுதியைப் பாராளுமன்றமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

"இனி ஏன் போறா? அங்க போய் என்னத்தை எழுதுறது?" என்றார் என் கணவர். அதை அவரிடம் சொன்னேன். மாற்றும்போது எழுந்து வேண்டாம் என்று சொல்ல ஒருவராவது இருக்க வேண்டாமா என்றார்.

புறப்படும் காலை கதவைத் தட்டி, பாண் இருக்கிறதா என்று கேட்டார். பசியாக்கும் என்று நான் பட்டர் எடுக்கப் போனேன். வேண்டாமென்று தடுத்து, வெறும் துண்டில் ஒரு கடி கடித்து, மிச்சத்தை என் கையில் தந்தார். அவர்கள் வழக்கமாம்: பயணம் போகிறவர் கடித்த பாணை, அவர் திரும்பி வரும்வரை வீட்டார் எடுத்து வைப்பார்கள். இங்கே வரும்போது அவர் கடித்த ஒன்று பிஷ்கெக்கில் அவருடைய அம்மாவிடம் ஏற்கெனவே இருக்கிறது. வரவே மாட்டேன் என்ற மனுஷி எவ்வளவு பயத்தோடு போகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வருடமும் அரசியலமைப்பு மாறியது. அவர் வரவில்லை. இப்போதும் ஃப்ரீசரைத் துப்புரவாக்கும்போது கணவர் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"வையுங்கோ," என்பேன். "அவ வந்து கேப்பா."