நெஃமத் கழுவிய தரைகள்

அலெக்சாந்திரியாவில், கர்மூஸில், எங்கள் சந்தில் யாராவது வீட்டுக்குத் தரை போடுவதென்றால் கடைக்குப் போவதற்கு முன் நெஃமத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். கடைக்காரன் தரையை நின்றுகொண்டு பார்க்கிறவன். நெஃமத் முப்பது வருடம் மண்டியிட்டுப் பார்த்தவள். ருஷ்தி பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் வாளியும் சாக்குத்துணியும் ரப்பர் வைப்பருமாக அவள் கழுவாத தரை கிடையாது. முழங்கால் இரண்டிலும் செருப்புத்தோல் மாதிரி காய்ப்பு.

"மார்பிள் பார்க்கத்தான் ராணி," என்பாள். "எலுமிச்சை ஒரு சொட்டு விழுந்தா ஆயுசுக்கும் தழும்பு. குளிர்காலத்துல அதுல மண்டி போட்டுப் பாரு, குளிர் எலும்புக்குள்ள இறங்கும். பழைய மொசைக் தங்கமான பிள்ளை, எதையும் மனசுல வச்சுக்காது. ஆனா இப்போ யார் போடுறா? செராமிக் மேல்பூச்சு வாசப்படிகிட்டதான் முதல்ல தேயும், உள்ள இருக்கற செம்மண்ணு பல்லைக் காட்டும். போர்சலின் டைல்ஸ் ஒண்ணுதான் தண்ணிக்கும் பயப்படாது, மனுசங்களுக்கும் பயப்படாது."

"மரம்?" என்று கேட்டால் சிரிப்பாள்.

"மரம் பெரிய வீட்டு மருமக மாதிரி. ஈரத்துணி பட்டாலே முகம் தூக்கிக்கும்."

மகன் ஷுக்ரிக்கு இரண்டு வயதாகும்போது அவளுடைய புருஷன் வேலைக்கென்று லிபியாவுக்குப் போனவன்தான். பத்து வருடத்துக்குப் பிறகு அவனிடமிருந்து வந்தது விவாகரத்துக் காகிதம் மட்டும். ஷுக்ரியைப் படிக்கவைத்ததும், சீதி பிஷ்ரில் ஐந்தாம் மாடியில் வெறும் செங்கல் சுவராக ஒரு பிளாட் வாங்கவைத்ததும் அந்த வாளிதான். எங்கள் ஊரில் வீடு மாப்பிள்ளையின் பொறுப்பு. வீடில்லாதவனுக்குப் பெண் கேட்கப் போனால் டீயோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சாவி கிடைத்த அன்று ஷுக்ரி அம்மாவையும் பக்கத்து வீட்டுக்காரியான என்னையும் அங்கே கூட்டிப்போனான். சமையலறைக்குப் பக்கத்தில் ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்று இருந்தது. "இது உனக்கும்மா. கல்யாணம் முடிஞ்சதும் வாளியத் தூக்கிப் போட்டுட்டு இங்க வந்துடு," என்றான். நெஃமத் அந்த ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அதன் பிறகு எந்த வேலையில் இடுப்பு வலித்தாலும் அந்த அறையைப் பற்றித்தான் பேசுவாள். கட்டில் எந்தப் பக்கம் போட வேண்டும் என்றுகூட முடிவாகியிருந்தது.

ஷுக்ரிக்குப் பேசிய பெண் ரீஹாம். நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுடைய அம்மா சுஹைருக்குத்தான் நாக்கு கொஞ்சம் நீளம். அவர்களிடம் ஷுக்ரி தன் அம்மா ஒரு மருத்துவமனையில் மேற்பார்வை பார்ப்பதாகச் சொல்லிவைத்திருந்தான். நெஃமத்துக்கும் அது தெரியும். "என்னத்தையோ பார்க்கறேன்தானே, பொய்யில்ல," என்றாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

தரை எடுக்கக் கடைக்குப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஷுக்ரி நேராக லாமினேட் பலகைகளின் பக்கம் போய் நின்றான்.

"ரீஹாம் வீட்டுல இதான் கேக்கறாங்கம்மா. இப்போ எல்லாரும் இதான் போடுறாங்க."

நெஃமத் ஒரு துண்டை எடுத்து அதன் வெட்டிய விளிம்பை விரலால் தடவினாள். "டேய், இது மரமே இல்ல. அட்டைக்கு மேல மரத்தோட போட்டோ. ஒரு வாளி தண்ணி தாங்காது. போர்சலின் போடு."

"வீடு கழுவறதுக்கா கட்டறோம்? வாழறதுக்கும்மா." பிறகு விற்பனைக்காரன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, "இங்க உன் வேலைய ஆரம்பிக்காத," என்றான்.

அவள் துண்டைக் கீழே வைத்துவிட்டாள். லாமினேட் போட்டார்கள். அழகாகத்தான் இருந்தது. நெஃமத் அதை உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தாள், கைக்குழந்தையைத் துடைப்பது போல.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு பெண்வீட்டார் லாரியில் சாமான்களோடு வந்தார்கள். கட்டில், கண்ணாடி அலமாரி, கம்பளங்கள், குலவை, ஒரே கூத்து. கீழ்வீட்டுக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்ன தரைம்மா இது, கண்ணாடி மாதிரி," என்று சொல்லிவிட்டுப் போனாள். கண் பட்டுவிட்டதென்று சுஹைருக்குப் பதறிவிட்டது. ஒரு வாளித் தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்கிக் கூடத்தின் நான்கு மூலையிலும் ஊற்றினாள். புது வீட்டில் எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். மார்பிளோ மொசைக்கோ ஒரு வாளி உப்புத்தண்ணீரைப் பொருட்படுத்தியதே இல்லை. அதனால் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நெஃமத் சமையலறையில் லாரிக்காரர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். சுஹைர் பக்கத்தில் நின்ற நான் தடுத்தேனா? நானும் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டு ஆமீன் சொன்னேன். மேலாக்கத் துடைத்துவிட்டு ஈரம் காய்வதற்குள் கம்பளத்தை விரித்துவிட்டோம்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை வழக்கப்படி சாப்பாட்டுத் தட்டுகளோடு போனோம். புறாவும் வாத்துமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நடந்த சுஹைர் கால் இடறி விழப்பார்த்தாள். கம்பளத்தைச் சுருட்டினார்கள். பலகைகளின் ஓரமெல்லாம் ஊறிய ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. இடுக்குகளில் வெள்ளையாக உப்பு.

நெஃமத் குனிந்து அதை விரலில் தொட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சுஹைரும் உப்பைப் பார்த்தாள். அவள்தான் முந்திக்கொண்டாள். "யாரோ தண்ணி விட்டிருக்காங்க. நாங்க வர்றதுக்கு முந்தின நாள் இங்க யாரு இருந்தது, சம்பந்தி?"

முந்தின நாள் கூட்டித் துடைக்க வந்தவள் நெஃமத்தான். எல்லோருக்கும் தெரியும்.

ஷுக்ரியின் முகம் கறுத்துவிட்டது. "படிச்சுப் படிச்சுச் சொன்னியேம்மா, தண்ணி ஆகாதுன்னு. அப்புறம் நீயே ஊத்தினியா? முப்பது வருஷம் ஊரான் வீட்டுத் தரையக் கழுவின கை, ஒரு நாள் சும்மா இருக்காதா?"

மருத்துவமனை மேற்பார்வை அங்கேயே செத்துப்போனது. சுஹைர் நெஃமத்தின் கைகளைப் பார்த்தாள், பிறகு அவளுடைய முழங்காலைப் பார்த்தாள். ரீஹாம் இரவு கலைத்த தலையோடு அறை வாசலில் அழுகிற மாதிரி நின்றாள்.

நான் வாயைத் திறந்தேன். நெஃமத் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"கை தவறிடுச்சுப்பா," என்றாள்.

படியிறங்கும்போது அவளைக் கிழித்தெடுத்தேன். "பைத்தியமாடி உனக்கு? அவ ஊத்தினா, நானும் உப்புப் போட்டேன். திரும்பி நட, சொல்லிடுவோம்."

"முத நாளே அந்தப் பொண்ணு அவ அம்மாவுக்கும் புருஷனுக்கும் நடுவுல நிக்கணுமா, ஃபௌகிய்யா? விடு. பிள்ள கோவம் ரெண்டு வாரம். அந்த ரூம்ல உக்காந்து ஒருநாள் அவனுக்கே சொல்லிக்கறேன்."

அவள் பிடித்த பிடியில் என் வாய் அடங்கியது என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை, எனக்கும் பயம்தான். அந்த உப்பில் ஒரு பிடி என்னுடையது.

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. ஷுக்ரி போனில் பேசினான், அறையைப் பற்றிப் பேசவில்லை. லாமினேட்டைப் பெயர்த்துப் போர்சலின் போடுகிறான் என்று அடுத்தவர் வாயால்தான் கேள்விப்பட்டோம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவனே வந்தான்.

"கொத்தனார் சிமெண்ட் படலத்த அப்படியே விட்டுட்டுப் போயிட்டான்மா. ரெண்டு பேர வச்சுப் பார்த்தேன், போகல. உன் கை பட்டாதான் போகும். ரீஹாம் சாயங்காலம் அவங்க அம்மா வீட்டுலருந்து வர்றா, அதுக்குள்ள முடிச்சிடலாம்."

நெஃமத் எழுந்து வாளியை எடுத்தாள். நான் திட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

ஆசிட் கலந்த தண்ணீரில் அறை அறையாகத் தேய்த்தாள். உள்ளிருந்து ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து வருவது அவள் வழக்கம், கழுவிய இடத்தில் மறுபடி கால் படக் கூடாது. சின்ன அறைக்கு வந்தபோது அங்கே ஜன்னலை அடைத்துக்கொண்டு ரீஹாமின் தையல் மெஷின் நின்றது. கட்டில் போடுவதாக இருந்த பக்கம் துணி மூட்டைகள். நெஃமத் மூட்டையைத் தூக்கி வைத்து அதன் அடியிலும் தேய்த்தாள். கூடத்தைக் கழுவினாள், நடையைக் கழுவினாள், பின்னாலேயே வந்து வந்து கடைசியில் வாசப்படிக்கு வெளியே மாடிப்படியில் மண்டியிட்டிருந்தாள். உள்ளே தரை ஒரு கறை இல்லாமல் மின்னியது.

"அம்மாடி, இப்பதான் வீடு மாதிரி இருக்கு," என்றான் படியில் நின்ற ஷுக்ரி. அவள் எழுந்து உள்ளே பார்த்தபடி நின்றாள். அவளுடைய செருப்பு உள்ளே கதவோரம் இருந்தது.

"ஈரம்மா, கால் வச்சிடாத, தடம் விழும்," என்று சொல்லிவிட்டு, அவன் எக்கி எடுத்து அவளிடம் நீட்டினான். நல்ல பிள்ளை, குனிந்து காலடியில் வைத்தான்.

அவள் போட்டுக்கொண்டாள். இரண்டு மாடி இறங்கியதும் கைப்பிடியைப் பிடித்து நின்றாள்.

"போர்சலின்தான் நல்ல தரை," என்றாள். "அன்னைக்கே சொன்னேன்."

மறுநாள் காலை ருஷ்திக்கு வேலைக்குப் போனாள். இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள்.