கேஸுக்கு ஒரு பெப்சின் சிரப்

மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவளுக்கு வயிறு எரிய அமிலமே வேண்டாம், "கேஸ்தான், ஒண்ணுமில்ல" என்று ஒருத்தர் வந்து நின்றால் போதும். இதே பிழைப்பில் இருக்கிறவர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

சண்டைக்காரர்கள்

மராத்தி பேசும் ஊரான இந்தத் தேஹு ரோட்டில் எங்கள் வாடிக்கைக்காரர் செல்வராஜ் அண்ணன், ராணுவ டெப்போவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை மட்டன் என்றால் திங்கட்கிழமை பெப்சின் சிரப், கூடவே ஒரு ஆன்டாசிட். "அண்ணே, பெப்சின் கறியையும் முட்டையையும் உடைக்கிற சாமான். வயித்துல அமிலம் இருந்தாத்தான் வேலை செய்யும். ஆன்டாசிட் அந்த அமிலத்தையே அடக்கிடுமே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அசரவில்லை. "அப்ப ரெண்டையும் தள்ளித் தள்ளிக் குடிக்கிறேன், சண்டைக்காரங்களை அப்படித்தானே உக்கார வைக்கணும்?"

சுத்த சைவம்

சற்றுத் தள்ளி இருக்கிற ஔந்த்திலிருந்து வந்த கோயம்புத்தூர்த் தம்பி, அம்மாவுக்கு வழக்கமாக வாங்கும் சிரப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பெப்சினை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. பெரும்பாலும் பன்றி வயிற்றிலிருந்து என்றேன். அந்த அம்மா கடைக்கு வந்து நின்றால் என்ன செய்வேன்? "அக்கா, ஆம்லெட் வாசனைக்கே ஜன்னலைச் சாத்துறவங்க, இது தெரிஞ்சா என்னையச் சாத்துவாங்க!" என்றார் தம்பி.

கரிக்குதா, அடைக்குதா

ஒரு மத்தியானம் செல்வராஜ் அண்ணனின் மகள் காவ்யா ஓடி வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் தட்டித் தடவித்தான் வரும். "ஆன்ட்டி, பப்பாவுக்கு அசிடிட்டி. பெப்சின் சிரப் ஜல்தி!"

பாட்டிலை எடுத்துக்கொண்டே, நெஞ்சு கரிக்குதாமா என்றேன். "ஹான், அதான்" என்றாள். என்னவோ மனசு கேட்கவில்லை. "அப்பா தமிழ்ல என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு."

"நெஞ்சு அடைக்குதுன்னாரு. ரெண்டும் ஸேம்தானே?"

ஐயோ! வேர்க்குதா என்றேன். சட்டையெல்லாம் நனைந்துவிட்டதாம். பாட்டிலை வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, இத்தனை நாளாகக் கேஸ் என்று நம்பிக் கொடுத்ததெல்லாம் கேஸ்தானா என்று சாயங்காலம் வரை பயந்து செத்தேன். மாரடைப்புதான், நேரத்துக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார் என்று காவ்யா போனில் அழுதுகொண்டே சொன்னாள்.

வீடு திரும்பிய பிறகு, மெலிந்துபோய் மகளைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். "ஏம்மா, நானே நேர்ல வந்து கேஸுன்னு சொல்லியிருந்தா, நீ சிரப்பைத்தானே குடுத்திருப்ப?"

இப்போதெல்லாம் கேஸ் என்று வருகிறவர்களிடம் கரிக்குதா, அடைக்குதா என்று நான் கேட்கிற கேள்வியில், அவர்களுக்கு நெஞ்சு அடைக்கிறதோ இல்லையோ, எனக்கு அடைக்கிறது.