இரும்பு மூடி

தண்ணீரில் விழுந்து இறந்தவர்களின் கோப்புகளைப் படிப்பது என் வேலை. குற்றவாளி யார் என்று பார்ப்பதல்ல. அடுத்த சாவை எப்படித் தடுப்பது என்று மாதம் ஒருமுறை ஐந்து பேர் உட்கார்ந்து பேசுவோம். தெரிந்தவர்கள் சம்பந்தப்பட்ட கோப்பைத் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒரே ஒரு முறை அதை மீறினேன். அண்ணன் கெஞ்சினான், மீறினேன்.

ஹைதராபாத் பாலாநகரில் அவன் குடியிருக்கும் அடுக்ககத்துக்கு அவன்தான் செயலாளர். அங்கே தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் வாட்ச்மேனின் நான்கு வயது மகள் விழுந்து இறந்துபோனாள். மறுநாள் நான் போனபோது தொட்டியின் மேல் கனமான இரும்பு மூடி இருந்தது.

"அவ அம்மா தண்ணி எடுத்துட்டு மூடாம போயிட்டா" என்றான் அண்ணன். அன்று தொட்டிப் பக்கமே போகவில்லை என்று அந்தத் தாய் தெலுங்கில் சொல்லிச் சொல்லி அழுதாள். கூடப் பிறந்தவன் என்னிடம் போய்ப் பொய் சொல்வானா? 'மூடி நல்ல நிலையில் உள்ளது. தாயின் கவனக்குறைவு' என்று எழுதினேன். வாட்ச்மேன் குடும்பங்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்தச் சொல்லிக் குழு பரிந்துரைத்தது. முதல் வகுப்பை நானே எடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து அண்ணனைப் பார்க்கப் போனபோது, அதே வாசலில் தண்ணீர் லாரிக்காரர் குழாயை இறக்கிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார். பழைய மூடி உடைந்து, மாதக்கணக்காக ஒரு பிளைவுட் பலகைதான் கிடந்ததாம். குழந்தை போன அன்று சாயங்காலம்தான் இரும்பு மூடி வந்ததாம்.

மூடியே இல்லாத தொட்டியில் பிள்ளையைப் பறிகொடுத்தவளை முன்வரிசையில் உட்காரவைத்து, மூடியை மூடுங்கள் என்று பாடம் நடத்தியிருக்கிறேன்.

மாடியேறிக் கேட்டேன். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, அந்த ஊர் உருது கலந்து சொன்னான்: "இப்ப எதுக்கு அதைக் கிளர்றே? நக்கோ, வேணாம், விட்டுடு. நீ எழுதினதாலதானே எல்லாம் அமைதியாச்சு."

என் கையெழுத்துக்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். உடைந்த மூடி என்று அன்றே எழுதியிருந்தால் ஊரில் எத்தனை தொட்டிகளைச் சோதித்திருப்பார்கள். கோப்பைத் திரும்பத் திறக்கச் சொல்கிறேன் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கீழே அந்தத் தாய் கார்கள் நிற்கும் இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பலகை விஷயத்தைச் சொல்லி, உன்மேல் தப்பில்லை என்றேன்.

"இல்லை மேடம், அந்த இரும்பு மூடியை நான்தான் மூடாமல் விட்டேன்" என்றாள் தெலுங்கில். "முதலில் ஞாபகம் வரவில்லை. நீங்கள் எழுதிய பிறகுதான் வந்தது."